கிருத்திகைக்குக் கிருத்திகை மொட்டை

முடி எடுப்பவர் என் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்க்கத் தொடங்கிய பிறகும்கூட, கௌரியம்மாள் மனசு மாறி "போதும், எழுந்திரு" என்று சொல்லிவிடுவார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"மேடம், நான் இன்னும் கல்யாணம் ஆகாதவன்" என்றேன்.

"அதுக்கு முடி தடையில்லை சேட்டு. உன் வாய்தான் தடை. குனி."

குனிந்தேன். திருத்தணி சரவணப் பொய்கைக் கரையில், கிருத்திகைக் கூட்டத்தின் நடுவில், மீசை முளைத்த நாளிலிருந்து நான் எண்ணெய் வைத்துச் சுருள் விட்டு வளர்த்த முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. கௌரியம்மாள் பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கௌரியம்மாள் பெண்கள் ஜெயில் ஒன்றில் வார்டராக இருந்தவர். கைதிகளுக்குப் போடும் சோற்றில் கல் கிடக்கிறது என்று தட்டைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேஜை மீதே கவிழ்த்துவிட்டு வேலையை விட்டார். இப்போது பெரம்பூரில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். கைக்கு ஒரு தோல் பை, காலுக்கு ஆம்பளைச் செருப்பு, திட்டுவதற்கு நான்.

எங்களை இங்கே இழுத்து வந்தது ஆர்.கே.பேட்டை ஞானம்மாளின் கண்ணீர். அவளுக்கு ஒரே தங்கை, அம்சா. வயசு ஏறியது, புத்தி அந்த அளவுக்கு ஏறவில்லை. அம்மா செத்த பிறகு ஞானம்மாள் புருஷனோடு பிவண்டிக்கு விசைத்தறி வேலைக்குப் போனாள். போகும்போது தங்கையை வக்கீல் சடகோபனிடம் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தாள். சித்த சுவாதீனம் இல்லாத பெரியவர்களுக்குக் கோர்ட் நியமிக்கும் கார்டியன் வேலையைத் தொழிலாகவே செய்துகொண்டிருந்தவன் சடகோபன். பெற்றவர்கள் போய்விட்ட பிள்ளைகள், கூடவே அவர்கள் பேரில் கொஞ்சம் நிலம். அப்படிப்பட்டவர்கள் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான்.

ஞானம்மாள் திரும்பி வந்து தங்கையைக் கேட்டால், "சொந்தக்காரங்களைப் பார்த்தா அவளுக்கு வெறி பிடிக்குது" என்று வாசலோடு அனுப்பிவிட்டான். அதோடு விடவில்லை. அடுத்த வாரம் அம்சாவை ஆந்திராவில் ஏதோ ஒரு விடுதிக்கு மாற்றப்போவதாகக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தான். எல்லையைத் தாண்டிவிட்டால் இந்தக் கோர்ட்டின் கை அங்கே எட்டாது. அதற்குள் நாங்கள் அம்சாவைப் பிடிக்க வேண்டும்.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. போன கிருத்திகைக்கு இங்கே வந்த ஞானம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, சடகோபன் காரில் அம்சா ஜாடையில் ஒரு மொட்டைப் பெண்ணைப் பார்த்திருக்கிறாள்.

"அடையாளம் சொல்லும்மா" என்று நாங்கள் கேட்டபோது ஞானம்மாள் ஒரு போட்டோவைக் கொடுத்தாள். முழங்கால் வரை தொங்கும் பின்னலைக் காட்டுவதற்காகவே பக்கவாட்டில் நின்று எடுத்துக்கொண்ட படம். பின்னல் பிரமாதமாக விழுந்திருந்தது. முகம்தான் விழவில்லை. அந்தப் பின்னலும் இப்போது இல்லை என்றால் யாரைத் தேடுவது? திருத்தணியில் கிருத்திகையன்று மொட்டைத் தலையைத் தேடுவது, பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு மணல் துகளைத் தேடுகிற மாதிரி.

மொட்டைகளோடு மொட்டையாகக் கலந்து தேடத்தான் என் முடி போனது. என் மண்டையில் கத்தி ஓடிக்கொண்டிருந்தபோது, கௌரியம்மாள் பேச்சோடு பேச்சாக முடி எடுப்பவரிடம் கேட்டார்.

"ஏங்க, ஒரு வக்கீல் கார்ல வருவாராமே. புத்தி சரியில்லாத பொண்ணுங்கள கூட்டியாந்து முடி குடுக்கறாராமே. புண்ணியவான்."

"ஆங், வருவாருங்க. கிருத்திகைக்குக் கிருத்திகை பாக்கறேன். ஆனா முடி இங்க குடுக்கறதில்லீங்க. வரசொல்லவே மொட்டையாத்தான் கூட்டியாராரு. இங்க சந்தனம் மட்டும் வாங்கிப் பூசிக்கினு போறாரு."

கடலை தின்பது நின்றது.

"சேட்டு, கேட்டியா?"

"கேக்க முடியலை மேடம். காதுகிட்ட கத்தி இருக்கு."

"மலைக்கு வேண்டிக்கிட்டவன் வீட்ல மொட்டை அடிச்சிட்டு வருவானா? முடி சாமிக்குச் சேரணும். இவன்கிட்டேருந்து சாமிக்கு முடி வரலை, சந்தனம் மட்டும் வருது. அப்ப இது சாமிக்காகப் போட்ட மொட்டை இல்லை. மனுஷங்க பாக்கறதுக்காகப் போட்டது."

எனக்கு முதல் தடவையாகத் தலை குளிர்ந்தது. முடி போனதால் மட்டும் இல்லை.

ஞானம்மாளைக் கூடவே அழைத்துப் போனால் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவாள்தான். ஆனால் சடகோபனுக்கு அவளைத் தெரியும். தூரத்தில் கண்டாலே காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அதனால் அவளை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மலையடிவாரத்துச் சத்திரத்துக்குள் நுழைந்தோம். கார்டியனிடம் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று பார்க்கக் கோர்ட் அனுப்பும் கமிஷனர் அங்கேதான் உட்காருவார் என்று விசாரித்து வைத்திருந்தோம். இடம் பார்த்துக் கொடுத்தது சடகோபன். நாள் குறித்துக் கொடுத்ததும் அவனேதான்.

கூடம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக மொட்டைகள். புளியோதரை மூட்டைகள், அழுகிற குழந்தைகள், ஈரத் துணி. தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு நானும் ஒரு தூணோரமாகச் சாய்ந்தேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சடகோபனுக்கும் இதுதான் வசதி என்று அப்போதுதான் உறைத்தது. வேறு எந்த ஊரிலும் ஒரு பெண் மொட்டையாக நடந்து போனால் ஏன், என்ன என்று கேட்பார்கள். இந்த ஊரில் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கூடத்தின் கோடியில் ஒரு மேஜை. அதன் பின்னால் கமிஷனர் பச்சையப்பன், வயசான வக்கீல். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் பேப்பர் தெரியாது, போட்டால் மனுஷர் தெரியாது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. சடகோபன் இறங்கினான். மல் ஜிப்பா, நெற்றியில் பட்டையாக விபூதி. பார்த்தால் பத்துப் பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். அவன் பின்னால் ஒரு பெண். நைந்த பச்சைப் புடவை. தலை முழுக்கச் சந்தனம், முகம் முழுக்க மஞ்சள். குனிந்த தலை நிமிரவில்லை.

நான் கௌரியம்மாளைப் பார்த்தேன். அவர் உதட்டை அசைக்காமல் "பொறு" என்றார்.

"இன்னிக்கு யாருப்பா?" என்று பச்சையப்பன் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பத்மாங்க சார். நல்லா இருக்கு. வேளாவேளைக்குச் சாப்பிடுது. பேச வராது, சொன்னாலும் புரியாது. முருகனுக்கு வேண்டிக்கிட்டேன், நேத்துதான் முடி கொடுத்தோம்."

பத்மாவா? தப்பான ஆளுக்காகவா என் சுருள் முடியைக் காவு கொடுத்தேன்?

"மேடம், இது அம்சா இல்லை. போயிடலாம்."

"சந்தனத்தைத் துடை."

"எங்க?"

"உன் தலையில. கொஞ்சமா, பின்னால."

துடைத்தேன். அவர் என் பின்மண்டையை ஒரு தரம் பார்த்தார், அந்தப் பெண்ணின் பின்மண்டையை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மேஜைக்கு நடந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். இந்தப் பொண்ணு நேத்துதான் முடி குடுத்ததுன்னு சொன்னாரு இல்லே?"

"யாரும்மா நீ?" என்றான் சடகோபன்.

"வேடிக்கை பார்க்க வந்தவ. ஐயா, இது எங்க சேட்டு. இவன் முடி போய் இன்னும் குளிச்ச ஈரம் காயலை. தலையைப் பாருங்க, தோல் உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி வெளுப்பா இருக்கு. முகம் மட்டும் கறுப்பு. முடிக்குள்ள இருந்த தோல்ல வெயில் படாதுங்களே. இந்தப் பொண்ணு பின்னந்தலையில சந்தனம் உதிர்ந்த இடத்தைப் பாருங்க. தலையும் கழுத்தும் ஒரே நிறம், வெயில்ல காய்ஞ்சு கறுத்துக் கிடக்கு. இது நேத்துப் போட்ட மொட்டை இல்லீங்க. இந்தத் தலை முடியைப் பார்த்து எத்தனை காலமாச்சோ!"

பச்சையப்பன் முதல் தடவையாகக் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். நான் என் தலையைப் பெருமையோடு முன்னால் நீட்டினேன்.

சடகோபன் பதறவில்லை. சிரித்தான்.

"பேன் சார். எவ்வளவு எண்ணெய் வெச்சாலும் போகலை. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிக்குது. அதனால அடிக்கடி எடுத்துடறோம். இதை வெளியில சொல்லக் கூச்சமா இருந்தது, அதான் வேண்டுதல்னேன். இப்படி ஒருத்தரை வீட்டுல வெச்சுப் பார்த்திருந்தாத்தானே இவங்களுக்குக் கஷ்டம் தெரியும்?"

"அதானே" என்று பச்சையப்பன் தலையாட்டினார். பேனாவை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மொட்டைக் குடும்பம் கௌரியம்மாளை முறைத்தது. ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு நாங்கள் பொய்கையில் மறுபடி முழுகி எழ வேண்டும் போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேஸ் கைவிட்டுப் போகிறது, கையெழுத்து விழப்போகிறது, சடகோபன் இவளை மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறான், நான் மொட்டையாக நிற்கிறேன்.

கௌரியம்மாள் கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. அந்தப் பெண்ணின் எதிரில் தரையில் உட்கார்ந்து, குனிந்த முகத்தைக் கீழேயிருந்து பார்த்தார்.

"கண்ணு, நீ சொல்லு. உன் பேரு என்ன?"

"அதுக்குப் புரியாதுன்னு சொன்னேனே" என்றான் சடகோபன்.

"நான் உங்களைக் கேக்கலை."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கௌரியம்மாளைப் பார்க்கவில்லை. சடகோபனைத்தான் பார்த்தாள். தப்பாகச் சொல்லி அடி வாங்கிவிடக் கூடாதே என்கிற பயம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. மெதுவாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"இன்னிக்கி எந்தப் பேருங்க சொல்லணும்?"

பச்சையப்பனின் பேனா காகிதத்தில் அப்படியே நின்றது.

"இதுக்கு முன்னாடி என்னென்ன பேரு சொன்னே?" என்றார் கௌரியம்மாள்.

"பத்மா. எல்லம்மா. அம்சா." கொஞ்சம் யோசித்தாள். "அம்சாதான் என்னோடதுங்க."

"உளறுது சார். பைத்தியம் உளறுறதை எல்லாம்..."

"வாயை மூடு!" என்று கத்தியது நான்தான். நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

"பேரு யாரு சொல்லிக் குடுப்பாங்க அம்சா?" என்று கௌரியம்மாள் கேட்டார்.

"அவருதான். முன்னல்லாம் கார்ல வரசொல்லோ சொல்லிக் குடுப்பாரு. யாரும் கேக்கறதில்ல. அப்பறம் உட்டுட்டாரு."

இதைவிடப் பெரிய குற்றப்பத்திரிகையை எந்தப் போலீஸும் எழுத முடியாது. அவன் ஏன் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினான்? யாரும் கேட்கவில்லை. எத்தனை கிருத்திகை, எத்தனை கையெழுத்து! ஒருத்தராவது இவளிடம் பேர் கேட்டிருந்தால் அவனுக்கு அந்தச் சோம்பேறித்தனம் வந்திருக்காது. கேட்க மாட்டார்கள் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

"பத்மா யாரு, எல்லம்மா யாரு?" என்று பச்சையப்பன் கேட்டார்.

"பத்மாக்காவுக்குக் கால் வராதுங்க. படிக்கும், கணக்கெல்லாம் போடும். எல்லம்மாவுக்குக் காது கேக்காது, ராட்டை நல்லா சுத்தும். டாக்டருகிட்ட அவங்கள கூட்டினு போவல. என்னத்தான் கூட்டினு போனாரு. பத்மான்னு ஒருவாட்டி, எல்லம்மான்னு ஒருவாட்டி."

கௌரியம்மாள் எழுந்து நின்றார். ஜெயிலில் மேஜை மீது தட்டைக் கவிழ்த்தபோது அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"புரியுதுங்களா ஐயா? ஒருத்திக்குக் கால் இல்லை, ஒருத்திக்குக் காது இல்லை. ரெண்டு பேருக்கும் புத்தியில ஒரு குறையும் இல்லை. ஆனா புத்தி சரியில்லைன்னு சொன்னாத்தானே கார்டியன் ஆக முடியும், நிலத்துல கை வைக்க முடியும்? அதுக்குத்தான் இவளை மொட்டை அடிச்சு, மஞ்சள் பூசி, டாக்டருக்கும் உங்களுக்கும் மூணு பேராக் காட்டியிருக்கான். மொட்டை அடிச்சா மூணு பேரும் ஒண்ணுதான்னு நினைச்சான். நீங்களும் அப்படித்தானே பார்த்தீங்க? எத்தனை தடவை இந்தப் பொண்ணு உங்க முன்னாடி வந்து நின்னிருக்கு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சாப்பிட்டியாம்மான்னு கேட்டிருப்பீங்களா?"

பச்சையப்பன் கண்ணாடியைக் கழற்றினார். எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்தார். பிறகு வாசலில் கிருத்திகைக் கூட்டத்துக்காக நின்றிருந்த கான்ஸ்டபிள்களைக் கூப்பிட்டார். சடகோபன் தனக்குத் தெரிந்த பெரிய மனுஷர்களின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பேர்களுக்குத்தான் அவனிடம் பஞ்சமே இல்லையே.

நான் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஞானம்மாளை அழைத்து வந்தேன். வழியெல்லாம் அழுதாள். கூடத்துக்குள் நுழைந்ததும் "என் தங்கமே!" என்று ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டாள். மொட்டைத் தலையைத் தடவித் தடவிக் கதறினாள். அம்சா கையைத் தொங்கவிட்டபடி நின்றாள். அக்காவைத் தெரிகிறது, ஆனால் கட்டிக்கொள்ளவில்லை.

"சரி, முடிஞ்சது" என்றார் பச்சையப்பன், மூக்கை உறிஞ்சியபடி. "இந்தப் பொண்ணை அக்காகிட்டயே ஒப்படைச்சிடறேன். கோர்ட்டுக்கு நான் எழுதிக்கறேன். கூட்டிட்டுப் போம்மா."

"இருங்க" என்றார் கௌரியம்மாள். "மறுபடியும் ஒப்படைக்கறீங்களா? அவளைக் கேட்டீங்களா?"

பச்சையப்பனுக்கு முகம் சிவந்தது. ஆனால் இந்த முறை அவரே எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அம்சாவின் எதிரில் நின்றார்.

"அம்சா, அக்காகூடப் போறியாம்மா?"

அம்சா யோசித்தாள். அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தை இத்தனை வருஷமாக யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

"சாவி அவருகிட்ட கீது" என்றாள்.

"எந்தச் சாவி?"

"ரூமு சாவி. பத்மாக்கா உள்ள கீது. அதால எழுந்துக்க முடியாது. நான்தான் தூக்கினு போயி வெளிய உக்கார வெப்பேன். சோறு நான்தான் போடுவேன். நான் இங்க வந்தா ரெண்டு பேரும் பட்டினி. எல்லம்மா பயந்துக்கும், நான் வரலன்னா கதவுகிட்டயே உக்காந்துக்கினு இருக்கும்."

கார்டியன் யார் என்று கோர்ட் தேடி அலைய வேண்டியதே இல்லை. இதோ, நைந்த பச்சைப் புடவையில் நிற்கிறாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

கௌரியம்மாள் சடகோபனிடம் கையை நீட்டினார். அவன் கான்ஸ்டபிளைப் பார்த்தான். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேஜை மீது வைத்தான். நாங்கள் யாரும் எடுப்பதற்கு முன்னால் அம்சா எடுத்துக்கொண்டாள். எந்தச் சாவி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை மட்டும் தனியாகப் பிரித்துப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆர்.கே.பேட்டை ரோட்டுலதாங்க. நான் வழி சொல்றேன்."

சடகோபனின் காரிலேயே போவது என்று முடிவாயிற்று. பச்சையப்பன் தானும் வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டார். வாசலில் ஞானம்மாள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"அவங்கள போலீஸ்காரங்க பாத்துக்குவாங்க அம்சா. நீ என்கூட வா. நம்ம வூட்டுக்கு வா. இனிமே உன்ன யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்."

"நீதானே குடுத்த."

அம்சா அதைக் குற்றம் சாட்டுவது போலச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஞானம்மாளின் அழுகை பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், கௌரியம்மாளைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேருமே அவளுக்கு உதவிக்குப் போகவில்லை.

"வரேங்க்கா" என்றாள் அம்சா. "அவங்க ரெண்டு பேருக்கும் உன் வூட்ல எடம் கீதா?"

ஞானம்மாள் தரையைப் பார்த்தாள். தறி, பிள்ளைகள், புருஷன், எல்லாம் அவள் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

"ஒரே ரூமுதாம்மா கீது" என்றாள்.

அம்சா காரின் முன்கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கயும் ஒரே ரூமுதான்க்கா. ஏறு."